தொடக்கங்கள் மட்டும்

டோங்காட் சர்க்கரை ஆலை எடைமேடையில்
பூபாலனுக்கு இரவு, எனக்குப் பகல்.
காலை ஆறுக்குச் சங்கு ஊதும்.
அவன் சாவி கொடுத்து, நான் கையெழுத்துப் போட்டு,
முதல் கரும்பு லாரி மேடை ஏறுமுன்
எங்களுக்கு வாய்த்தது எட்டு நிமிஷம்.

எட்டு நிமிஷத்தில் பேக்கமன் முடியாது.
ஆகவே தொடங்க மட்டும் செய்தோம்.

ஆளுக்கொரு பகடை.
பெரிய எண் போட்டவர்
இரண்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு நகர்த்துவார்.
முதல் நகர்வில் மட்டும்தான் இப்படி:
பாதி என் கை, பாதி எதிராளி கை.
பிறகு அவரவர் விதி அவரவர் குலுக்கலில்.

நகர்த்தியதை எடைச்சீட்டின் முதுகில் எழுதி
சீட்டை நோட்டில் ஒட்டுவோம்.
இரண்டு எண், ஓர் எழுத்து, போதும்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
எனக்கு மிஞ்சிய எழுத்துகள்:

31க. கட்டு. ஐந்தாம் வீட்டில் இரண்டு காய், சுவர்.
43இ. இறக்கு, இரண்டையும்.
41பி. பின்னால் நிற்கும் ஜோடியைப் பிரி.
65ஓ. ஓடு.
21து. துணி. ஒற்றைக் காயை வெட்டவெளியில் விடு,
அடிபடாவிட்டால் அடுத்த முறை அது வீடு.

துணியை மட்டும் பூபாலன் அழுத்தி எழுதுவான்.
மறுபக்கத்து டன் கணக்கில் புடைத்துத் தெரியும்.

எண்பத்தாறு ஜூன். அவசரநிலை.
ஒரு ராத்திரி பூபாலன் வேலைக்கு வரவில்லை.
காலையில் நோட்டை எடுத்தார்கள்,
நோட்டோடு என்னையும்.

லெப்டினன்ட் ஸ்ட்ரைடமின் அறையில்
ஹீட்டரில் ஒரு கம்பி மட்டும் சிவந்திருந்தது.
பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள், நம்மவர்,
தமிழ் வாசிக்க அழைத்து வந்திருந்தார்கள்.
அவருக்கு வாசிக்கத் தெரியாது.
தெரியாது என்று சொல்லவும் வழியில்லை.
'க'வைக் காட்டிக் கேட்டதும்
"ஏதோ சாமி பேர், சார்" என்றார்.

"இருநூற்றுப் பத்து ஆட்டம். ஒன்றுகூட முடியவில்லையே?"
"நேரமில்லை, சார்."
"முடியாத ஆட்டத்தை யாராவது எழுதி வைப்பார்களா?"

பயந்தால் எனக்கு வாய் நீளும்.
மேசைமேல் விரலால்
இருபத்துநான்கு முக்கோணம் வரைந்தேன்.
எழுத்தெழுத்தாய் விளக்கினேன்.
இருவருக்கும் ஒரே எண் விழுந்தால் செல்லாது,
மறுபடி உருட்ட வேண்டும்,
அதனால் தொடக்கத்தில் இரட்டை வரவே வராது,
ஆகமொத்தம் பதினைந்தே சோடி என்று
கணக்கு வேறு சொன்னேன், பெருமையாக.

அவர் பக்கம் புரட்டினார்.

44ஓ.

பூபாலன் கை. அழுத்தி எழுதியது.
இரண்டு பக்கம் தள்ளி 33ஓ.
மே மாதத்தில் ஒரு 55து.
தேதி எல்லாம் ஞாயிறு.
ஞாயிறு ஆலை ஓடும், எனக்கு விடுப்பு.
ஞாயிறு காலைகளில் அவன் யாரோடு உருட்டினான்?

லெப்டினன்ட்டின் விரல் 44-இல் நின்றது.
"இது?"
"தூக்கக் கலக்கம், சார். 43 ஆக இருக்கும்."
நாலும் மூணும் விழுந்தால் இறக்குவோம், ஓடமாட்டோம்.
சற்று முன்தான் அதையும் சொல்லியிருந்தேன்.

கான்ஸ்டபிள் குனிந்து 'ஓ'வைப் பார்த்தார்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம்.
"இதுவும் சாமி பேர்தான், சார்" என்றார்.

பதினோராம் நாள் விட்டார்கள்.
நோட்டு திரும்பவில்லை.
பலகை இன்னும் என்னிடம் இருக்கிறது,
கறுப்பில் ஒரு காய் குறைய;
அந்த இடத்துக்குச் சட்டைப் பொத்தான்.

எட்டு வருஷம் கழித்து, வெருலத்தில் ஒரு கல்யாணம்.
சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் பூபாலன்,
கொஞ்சம் தொந்தி, தோளில் தூங்கும் ஒரு பெண்குழந்தை.
நாற்பத்துநாலு என்றால் என்ன என்று கேட்க
எட்டு நிமிஷத்துக்கு மேலேயே இருந்தது.

"ஒரு நாள் முழு ஆட்டம் ஆடணும்" என்றான்.
"ஆடணும்" என்றேன்.
வரிசை நகர்ந்தது.